‘356 - குறிப்பு வரைக!’

அரசியல் பேசாத டீக்கடையே இல்லாத ஊரில், அரசியல் அறிவியல் வகுப்பு மட்டும் ஏன் கொட்டாவி விடுகிறது?

1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. ஒரு மாநில ஆட்சியைக் கலைக்க ஆளுநரிடமிருந்து டெல்லிக்கு ஓர் அறிக்கை போவதுதான் வழக்கம். அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். ஆனாலும் ஆட்சி போனது. அரசமைப்புச் சட்டத்தின் 356-வது பிரிவை எடுத்துப் படித்தால் காரணம் தெரியும். ஆளுநரின் அறிக்கை கிடைத்தால் குடியரசுத் தலைவர் நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில், ‘அல்லது வேறு வகையில்’ என்று பொருள்படும் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சந்திரசேகர் அரசு அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்ட குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்தவர். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, பதவியை விட்டு விலகினார்.

இந்த ஒரு சம்பவத்தை வைத்து ஒரு வாரம் வகுப்பெடுக்கலாம். ஆளுநர் யாருடைய ஆள்? பிரதமர் சொன்னால் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டே தீர வேண்டுமா? இரண்டு சொற்களுக்கு ஓர் ஆட்சியைக் கவிழ்க்கும் பலம் எங்கிருந்து வந்தது? அந்தப் பலத்தை 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் எந்த அளவுக்குக் குறைத்தார்கள்?

நம் கல்லூரியில் இந்தப் பாடம் வரும் விதமே வேறு. ‘பகுதி ஆ. 356-வது பிரிவு - குறிப்பு வரைக. 5 மதிப்பெண்.’ மாணவர் எழுதும் விடை ஒன்றேகால் பக்கம்: முன்னுரை, பொருள், காரணங்கள் நான்கு, விளைவுகள் மூன்று, முடிவுரை. தலைப்புகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. அதில் பர்னாலா இருக்க மாட்டார், 1991 இருக்காது. நானும் இப்படித்தான் எழுதினேன்; ஐந்துக்கு நான்கு வாங்கினேன். பர்னாலா கதையைத் தெரிந்துகொண்டது பட்டம் வாங்கிப் பல வருடம் கழித்து, ஒரு பழைய பத்திரிகைக் கட்டில்.

இரண்டு நோட்டு

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். 1990-ஐ ஒட்டி ஒரு நாள், இயற்பியலின் அடிப்படைக் கருத்துகள் பற்றி மிகச் சாதாரணமான ஒரு தேர்வு வைத்தார். தாளைப் பார்த்த ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் வழக்கமாக நினைப்பதுபோல எழுதவா என்று கேட்டாராம். கடினமான கணக்கையெல்லாம் போடத் தெரிந்த பிள்ளைகள் அடிப்படையில் தடுமாறுவதை மஸூர் அன்றுதான் கண்டார். பாடம் ஒரு நோட்டில், உலகம் இன்னொரு நோட்டில் இருந்திருக்கிறது.

அந்த மாணவியின் கேள்வியை நம் அரசியல் அறிவியல் மாணவர் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்கத் தேவையே இல்லாமல் இரண்டு நோட்டோடுதான் உள்ளே வருகிறார். ‘ஜனநாயகம் என்பது மக்களால்...’ என்று தொடங்குவது தேர்வு நோட்டு. ஓட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த சாதிக்கு எந்தத் தொகுதி, வார்டு கவுன்சிலர் ஏன் பைப் போட்டுத் தரவில்லை என்பதெல்லாம் தெரு நோட்டு. மூன்று வருடம் முடியும்போதும் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. அரசியல் அறிவியல் வகுப்பு தேறியிருக்கிறதா என்று பார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த இரண்டு நோட்டும் எங்காவது ஒட்டிக்கொண்டதா?

இதை மாணவர் தலையில் கட்டுவது அநியாயம். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 28.4. அப்படி வந்தவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அரசுக் கல்லூரியில் கேட்ட பாடப்பிரிவு கிடைக்காமல் அரசியல் அறிவியலுக்கு வந்தவர்கள் உண்டு. டிஎன்பிஎஸ்சி-க்கு உதவும் என்று வந்தவர்கள் அதைவிட அதிகம். இரண்டாம் வருடமே லட்சுமிகாந்த் எழுதிய தடிமனான புத்தகத்தை வாங்கிவிடுகிறார்கள். அரசமைப்புப் பிரிவுகள் எண்ணோடு மனப்பாடம். அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. வேலை வேண்டும் என்பது நியாயமான ஆசை.

கேள்வித்தாள்தான் பாடத்திட்டம்

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தாளின் அமைப்பு ஒன்றுதான். பத்து இரண்டு மார்க், ஐந்து ஐந்து மார்க், மூன்று பத்து மார்க். ஆக 75. மீதி 25 இன்டர்னல். ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு கேள்வி, ‘இது அல்லது அது’. ஐந்து வருடத் தாள்களை ஜெராக்ஸ் கடையில் வாங்கி வரிசையாக வைத்தால் எந்தக் கேள்வி எப்போது வரும் என்று பஸ் டைம்டேபிள் மாதிரி சொல்லிவிடலாம். ‘பிளேட்டோ போன செமஸ்டர் வந்துட்டாரு, இந்தத் தடவை அரிஸ்டாட்டில்தான்’ என்று தேர்வுக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் நடக்கும் ஆருடம் பெரும்பாலும் பலிக்கும்.

பாடத்திட்டத்தை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறுவதில்லை. விருப்ப அடிப்படையிலான கிரெடிட் முறை வந்தது, ‘கற்றல் விளைவுகள்’ என்று ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து வாக்கியம் எழுதும் பழக்கமும் வந்தது. பாடத்திட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், மாணவர் அரசியல் நிகழ்வுகளைத் திறனாய்வு செய்வார் என்று போட்டிருக்கும். கடைசியில் இருக்கும் மாதிரி வினாத்தாள் ‘இறைமையின் இயல்புகளை விவரி’ என்று கேட்கும். மாணவர் கெட்டிக்காரர். எதை நம்பலாம் என்று அவருக்குத் தெரியும்.

எனவே, வகுப்பறையைச் சீர்திருத்தக் கிளம்புகிறவர்கள் ஸ்மார்ட் போர்டில் தொடங்கினால் காசுதான் வீண். தொடங்க வேண்டிய இடம் கேள்வித்தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு பத்து மார்க் கேள்வி, கைடில் இல்லாத கேள்வி. அரைப் பக்கத்துக்கு ஒரு சம்பவத்தைக் கொடுத்து, ‘இதில் ஆளுநர் செய்தது சரியா? அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவை வைத்து வாதிடுவாய்? எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?’ என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்காக ஆசிரியர் வகுப்பில் சம்பவங்களைப் பேச வேண்டிவரும். கைடு போடுகிறவருக்கும் கொஞ்சம் தலைவலி வரும், வரட்டும்.

திருத்துவது சிரமம் என்பார்கள். உண்மைதான். திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாகத் தாளோடு உட்காரும் ஆசிரியருக்கு விடைக்குறிப்பில் உள்ள ‘பாயின்ட்’டை எண்ணி மார்க் போடுவது எளிது. வாதத்தைப் படித்து மார்க் போட நேரம் வேண்டும், அதற்கு ஏற்ற காசும் வேண்டும். அதைக் கொடுக்காமல் ‘திறனாய்வு’ என்று பேசுவதில் பொருளில்லை.

நாமக்கல்லில் தள்ளுபடியான ஒரு மனு

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். அப்போதைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் என்.பி.பொன்னுசாமி என்பவர் சட்டமன்றத்துக்கு வேட்புமனு தாக்கல் செய்கிறார். 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்துவிடுகிறார். பொன்னுசாமி உயர் நீதிமன்றம் போகிறார், தோற்கிறார். உச்ச நீதிமன்றம் போகிறார்.

ஆசிரியர் கதையை இங்கே நிறுத்திவிட வேண்டும். தீர்ப்பைச் சொல்லவே கூடாது. ‘அதிகாரி செய்தது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றம் குறுக்கிட்டு அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லலாமா? சொல்லலாம் என்பவர்கள் கை தூக்குங்க.’ முக்கால்வாசிக் கைகள் மேலே போகும் என்பது என் கணிப்பு. அநியாயம் நடந்தால் கோர்ட் தட்டிக் கேட்க வேண்டும் என்பதுதானே நம் எல்லாருக்கும் இருக்கும் நினைப்பு. அடுத்த ஐந்து நிமிடம் பக்கத்து பெஞ்சில் மாற்றுக் கருத்து உள்ளவரோடு பேச வேண்டும். 234 தொகுதியிலும் தள்ளுபடியான ஒவ்வொருவரும் கோர்ட்டுக்குப் போனால் தேர்தல் எப்போது முடியும் என்று எங்கோ ஒரு பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். மறுபடியும் கை தூக்கச் சொன்னால் சில கைகள் இறங்கியிருக்கும். அப்போது தீர்ப்பைச் சொல்லலாம்: தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது, குறையிருந்தால் முடிந்தபின் தேர்தல் வழக்குப் போடலாம் என்று 1952 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 329-வது பிரிவுக்கு அன்று கொடுத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. இப்போதும் ஒவ்வொரு தேர்தலிலும் யாருடைய மனுவாவது தள்ளுபடியாகும்போது வக்கீல்கள் வாயில் பொன்னுசாமி பெயர் வந்துவிடும்.

கை தூக்கு, பக்கத்தில் பேசு, மறுபடி கை தூக்கு. ஹார்வர்டில் அன்று மாணவர்களின் தடுமாற்றத்தைக் கண்ட மஸூர் தன் வகுப்பில் கொண்டுவந்த முறை இதுதான். புரொஜெக்டர் வேண்டாம், நெட் வேண்டாம், எழுபது பேர் வகுப்பிலும் நடக்கும். பலன் உண்டா என்றால், அறிவியல், கணித வகுப்புகளில் செய்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில் ஏறக்குறைய 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவரும் சேர்ந்து செய்யும் வகுப்பில் 22 சதவீதம். நம் துறைக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொரு தகவலையும் ஆசிரியர்கள் காதில் போட்டு வைக்கிறேன். 2019-ல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வில், இப்படிப் பேசிப் படித்த மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால், குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்களுக்கோ நிறையக் கற்ற திருப்தி. ‘மேடம் நோட்ஸே தர மாட்டேங்கிறாங்க, எங்களையே பேசச் சொல்றாங்க’ என்று துறைத்தலைவரிடம் புகார் போகும். அதைத் தாங்கிக்கொள்ளும் துறைத்தலைவரும் வேண்டும்.

சென்னை மாகாணம் இந்திய அரசமைப்புச் சட்டத்துக்குக் கொடுத்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. 1950-ல் ஏ.கே.கோபாலன், ரொமேஷ் தாப்பர். 1951-ல் சண்பகம் துரைராஜன். எல்லாவற்றிலும் ஒரு தரப்பு ‘மதராஸ் மாநிலம்’. சண்பகம் வழக்கில் வகுப்புவாரி அரசாணை அடிபட்டு, மாகாணம் கொந்தளித்து, அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தமே வந்தது. இடஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், அந்தக் கதை ‘முதல் திருத்தம், 1951’ என்று ஒரு வரியில் கடந்து போகிறது. என்ன கொடுமை இது!

எந்தக் கட்சி நீ?

ஆசிரியர்கள் சம்பவம் பேசத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. பயம். எந்த உதாரணத்தை எடுத்தாலும் எதிரே ஒரு கட்சிக்காரர் பிள்ளை உட்கார்ந்திருக்கும், செல்போனும் இருக்கும். ‘எதுக்கு வம்பு’ என்று பிளேட்டோவின் குகைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1917-ல் மியூனிக் நகரில் மாணவர்கள் முன் பேசிய மாக்ஸ் வேபர் இதைத்தான் எடுத்துப் பேசினார். எதிர்த்துப் பேச முடியாத மாணவர் முன்னால் நின்று ஆசிரியர் தன் கட்சியைப் பிரசாரம் செய்வது பொறுப்பற்ற செயல் என்றார். அதோடு விடவில்லை. மாணவருக்குத் தன் சொந்தக் கட்சி நிலைப்பாட்டுக்குச் சங்கடமான உண்மைகளை ஏற்கப் பழக்குவதே நல்ல ஆசிரியரின் முதல் வேலை என்றும் சொன்னார். 1976-ல் மேற்கு ஜெர்மனியில் பாய்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிய அரசியல் கல்வியாளர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாணவரைத் தன் கருத்தால் அமுக்காதே. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வை. தன் நிலைமையைத் தானே அலசும் திறனை மாணவருக்குக் கொடு. இன்றும் அங்கே அரசியல் பாடம் நடத்துவோர் இதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சங்கடமான உண்மைகளுக்கு நம்மிடம் பஞ்சமா? 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சி கலைந்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் காங்கிரசோடு கூட்டணி வைத்து திமுக ஜெயித்தது. அடுத்த மாதமே எம்ஜிஆர் ஆட்சி கலைக்கப்பட்டது. 1991-ல் மறுபடி திமுக ஆட்சி. கலைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் அதிமுக இருந்தது. ஆட்சிக்கலைப்பை எதிர்த்து முழங்கிய இரு தரப்புமே இன்னொருவர் வீட்டுக்கு அது போனபோது எங்கே நின்றது என்பதைத் தேதி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள். உள்ளாட்சியையும் எடுத்துக்கொள்ளலாம். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். 2016 அக்டோபரில் முடிந்த காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. அது அதிமுக ஆட்சி. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் காலம் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. இது திமுக ஆட்சி. எந்த மாணவரும் முழுசாகச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

ஆம் என்போர் ஆம் என்க

கல்லூரியில் எங்களுக்கு ‘இளைஞர் நாடாளுமன்றம்’ நடந்தது. நான் எதிர்க்கட்சித் தலைவர். ஆசிரியர் எழுதிக்கொடுத்த மூன்று கேள்விகளை நான் கேட்டேன். ஆசிரியர் எழுதிக்கொடுத்த மூன்று பதில்களை அமைச்சர் சொன்னார். எனக்கு நாலாவதாக ஒரு கேள்வி தோன்றியது. ‘தம்பி, ஸ்கிரிப்ட்ல இருக்கறத மட்டும் பேசு’ என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை அசைந்தது. சபாநாயகர் ‘ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க’ என்றார். ஒருவரும் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பது ஒத்திகையிலேயே முடிவாகியிருந்தது. எங்களுக்குப் பரிசும் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால், நிஜ அவையைப் பற்றி அது கற்றுக்கொடுத்தது குறைவென்று சொல்ல முடியாது!

நடிப்பின் வழியே அரசியல் படிப்பது பழைய முறைதான். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோவ் 1950-களின் கடைசியிலேயே, மாணவர்களைக் கற்பனை நாடுகளின் தலைவர்களாக்கிப் பேரம் பேசவிட்டார். அதற்கு ஸ்கிரிப்ட் கிடையாது. முடிவு என்னவென்று ஆசிரியருக்கே தெரியாது.

நமக்குக் கற்பனை நாடு எதற்கு, காவிரி இருக்கிறது. 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது: தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. வகுப்பை நான்காகப் பிரியுங்கள். டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகளை வேண்டுமென்றே கர்நாடகத்தின் நாற்காலியில் உட்கார வையுங்கள். அப்பாவின் வயலுக்கு மேட்டூர் தண்ணீர் வருமா என்று ஜூன் மாதம் காத்திருந்த பையன், பெங்களூருவுக்குக் குடிநீர் வேண்டும் என்று எழுந்து வாதாட வேண்டும். முதலில் சிரிப்பான். பிறகு கோபப்படுவான். இரண்டாம் நாள் கணக்கு எடுத்துக்கொண்டு வருவான். எல்லாம் முடிந்தபின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பைக் கொடுங்கள்: கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டிஎம்சி, அதில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. பிலிகுண்டுலுவில் நமக்கு விட வேண்டியது 192-லிருந்து 177.25-ஆகக் குறைந்தது. அந்தத் தீர்ப்பை அவன் படிக்கும் விதமும் நாம் டிவியில் கேட்ட விதமும் ஒன்றாக இருக்காது.

ஆட்டம் முடிந்ததும் கைதட்டிக் கலைந்துவிட்டால் பாதி வீண். அடுத்த மணி நேரம் உட்கார்ந்து, யார் எங்கே விட்டுக்கொடுத்தார்கள், ஏன், ‘கூட்டாட்சி’ என்று நாம் படித்தது இதில் எங்கே இருந்தது என்று பேச வேண்டும். பாடம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

தமிழ் வழி என்றால் தாழ்வா?

கல்லூரியில் தமிழ் வழிப் பட்டப்படிப்பு 1960-ல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் சோதனையாகத் தொடங்கியது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் தமிழ் வழி மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் கைடுதான். அதன் தமிழும் ஒரு தனி ரகம். ‘தாராளவாதம்’ என்று லாக்கைப் பற்றிப் படித்த மாணவர், ‘தாராளமயம்’ என்று 1991 பொருளாதாரக் கொள்கையைப் படிக்கும்போது இரண்டும் ஒன்றா, வேறா என்று விழிக்கிறார். சொல்லித்தர அரைப் பக்கம் போதும். கைடில் அந்த அரைப் பக்கம் இல்லை.

ஆனால், தமிழில் படிப்பவருக்குச் சில இடங்களில் வழி எளிது என்பதை ஆசிரியர்களே மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்’ என்ற ஒரே சொல், அரசையும் குறிக்கும், மாநிலத்தையும் குறிக்கும். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவில் அது மாநிலம். 12-வது பிரிவில் அது அரசு. ஆங்கில வழி மாணவர் தடுக்கி விழும் இந்த இடத்தில் தமிழில் இரண்டு சொல் தயாராக இருக்கிறது. அரசு வேறு, அரசாங்கம் வேறு என்பதும் அப்படியே. 2021-ல் ‘மத்திய அரசு’ போய் ‘ஒன்றிய அரசு’ வந்ததே, அந்தச் சண்டை ஒன்று போதும். முதல் பிரிவில் ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்றுதானே இருக்கிறது என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்னார். ‘கூட்டாட்சி’ என்று போடாமல் ‘ஒன்றியம்’ என்று போட்டதற்கு அம்பேத்கர் அரசமைப்பு அவையில் சொன்ன காரணமோ, பிரிந்துபோகும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை என்பது. ஒரே சொல்லை வைத்து மாநில உரிமையும் பேசலாம், பிரிக்க முடியாத நாட்டையும் பேசலாம். இதைச் சொல்லும்போது எந்த மாணவர் தூங்குவார்?

வாக்குச்சாவடிக்கு வெளியே

தெருவில் மைக்கை நீட்டி ‘யாருக்குண்ணே ஓட்டு?’ என்று கேட்கும் யூடியூப் சேனல்கள் தெருவுக்கு நாலு. அதற்கும் கருத்துக்கணிப்புக்கும் உள்ள வித்தியாசம், ஒரு முறையாவது கையில் படிவத்தோடு அலைந்த மாணவருக்குத்தான் உறைக்கும். டெல்லியில் ரஜினி கோத்தாரி 1963-ல் தொடங்கிய சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நீதி அமைப்பு, தேர்தல் ஆய்வுகளுக்குப் பல மாநிலங்களில் கல்லூரி மாணவர்களையே களத்துக்கு அனுப்புகிறது. டீக்கடையில் கிடைத்தவரைப் பிடித்துக் கேட்க முடியாது. வாக்காளர் பட்டியலிலிருந்து குறித்த இடைவெளியில் எடுத்த பெயர்கள் தருவார்கள். அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் மறுபடியும் போக வேண்டும். யாருக்கு ஓட்டு என்ற கேள்வி வரும்போது மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, முத்திரையிட்டுப் பெட்டியில் போடச் சொல்வார்கள். கேட்பவர் திரும்பிக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்ய லோக்நீதி அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வாக்காளர் பட்டியல் கிடைக்கிறது. ஒரு பாகம், நாற்பது பெயர், இரண்டு சனிக்கிழமை. பெண்களிடம் கேட்கப் போனால் கணவர் ஏன் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தாலே ஒரு தாளுக்குரிய விஷயம் கிடைத்துவிடும்.

அசைன்மென்ட் பிரச்சினைக்கும் இதில் கொஞ்சம் விடை இருக்கிறது. முன்பு சீனியரின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதினோம். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபின் சீனியரும் தேவையில்லை. ‘ரூசோவின் பொது விருப்பம் - ஐந்து பக்கம்’ என்று கேட்கும் ஆசிரியருக்குச் செல்போன் எழுதிய ஐந்து பக்கம்தான் கிடைக்கும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உன் வார்டில் போன வருடம் எதற்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். எழுதி வந்ததை ஐந்து நிமிடம் எதிரே உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்லுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, முப்பது நாளில் பதில். நாடு முழுவதற்கும் 2005-ல் வந்த இந்தச் சட்டத்துக்கு முன்பே, 1997-ல் தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் இது. அதையும் இரண்டு மார்க் கேள்வியாக மட்டுமே படித்து வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் யார் செய்வது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. இங்கே கைக்கு வருவது அதில் பாதியை ஒட்டித்தான். அடுத்த வருடம் இந்த வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் போய், ‘பயப்படாமல் சர்ச்சையை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்’ என்று எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. காலிப் பணியிடத்தை நிரப்புவது அரசின் வேலை. அதைக் கட்டுரை எழுதிச் செய்ய முடியாது.

செலவே இல்லாத ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கிராமசபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு, அரசு விடுமுறை நாள்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராமசபை உறுப்பினர்கள். பதினெட்டு முடிந்து பட்டியலில் பெயர் ஏறிய மாணவர் அங்கே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவர் பார்வையாளர்கூட இல்லை, உறுப்பினர். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை, முதலில் பேசியது யார், வரவு செலவு வாசிக்கப்பட்டதா, நூறு நாள் வேலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டது கூட்டத்துக்கு முன்பா பின்பா? ஒரு பக்கம் எழுதினால் போதும்.

உங்கள் வீட்டில் அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், வருகிற அக்டோபர் 2 அன்று கூட்டிக்கொண்டு போங்கள். கல்லூரி அன்றைக்கு லீவுதான்.